பதினாறாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்தத் தாள்களை எழுதி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஆனால் எண் வரும். தாளில் அல்ல, கொட்டையில். புளியங்கொட்டையைப் பரப்பிவிட்டால் எந்தப் பெரிய எண்ணையும் நான் புரட்டிப் பார்த்துவிடுவேன். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் பெண்கள் கூடி “யா லத்தீஃப்” என்று இறைவன் பெயரை ஓதுவோம். மென்மையானவனே, இரக்கமுள்ளவனே என்று அதற்குப் பொருள். நினைத்த அளவு ஓதிவிட்டு எழும்ப முடியாது. பதினாறாயிரத்து அறுநூற்று நாற்பத்தொரு தடவை ஓதி நிறைக்க வேண்டும். இது என்ன எண், ஏன் பதினாறாயிரத்தோடு நிற்காமல் ஒன்று வரை இழுபடுகிறது என்று சின்ன வயதிலேயே எனக்கு ஒரு குடைச்சல். கலியாணம் முடித்த பிறகு பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற ஒரு லெப்பையிடம் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அரபு எழுத்துகளுக்கெல்லாம் எண் உண்டு, அந்தப் பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் நூற்றிருபத்தொன்பது வரும், அதை அதாலேயே பெருக்கினால்தான் இந்தப் பெரிய எண் என்று அவர் சொன்னார். நூற்றிருபத்தொன்பது வரிசை, வரிசைக்கு நூற்றிருபத்தொன்பது. நாலு பக்கமும் ஒரே நீளம். எனக்கு நாற்றுமேடை போல் கண்ணுக்குள் வந்து நின்றது.

அதன் பிறகு அந்த எண்ணை ஓதுகிற கூட்டங்களுக்கு நான்தான் கணக்கு. பால்மா வந்த தகரப் பேணி ஒன்றுக்குள் நூற்றிருபத்தொன்பது புளியங்கொட்டை கழுவிக் காயவைத்துப் போட்டிருப்பேன். ஒரு கொட்டைக்கு நூற்றிருபத்தொன்பது தடவை ஓத வேண்டும். ஓதி முடித்த கொட்டையைப் பேணிக்குள் போட வேண்டும். பேணி நிறைந்தால் எண்ணும் நிறைந்தது.

சொல்ல இலகு. செய்யும்போது அது ஆட்களோடு ஒத்துப்போகாத எண். பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்துக் கொட்டை போய் ஒன்பது மிஞ்சும். பத்துப் பேர் என்றாலும் ஒன்பது மிஞ்சும். யார் அதை எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்று பேருக்குச் சரியாகப் போகும், ஆனால் மூன்று பேர் நாற்பத்து மூன்று கொட்டைப்படி ஓதினால் தொண்டை தாங்காது. நாற்பத்து மூன்று பேர் வந்தால் ஆளுக்கு மூன்று. அத்தனை பேரை எந்த வீட்டு மண்டபம் கொள்ளும்?

இந்த நாற்பத்து மூன்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பகலில் லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் கொட்டைகளைப் பரப்பி நானே கண்டுபிடித்தேன். ஓதலை எண்ணுகிற தஸ்பீஹ் மணிமாலையில் முப்பத்து மூன்று மூன்று தடவை வந்து தொண்ணூற்றொன்பது ஆகிறதே, இதையும் மூன்றாகப் பிரிக்கலாமா என்று பார்த்தேன். பிரிந்தது. பிறகு அந்த நாற்பத்து மூன்றைப் பிரிக்கப் பார்த்தேன். இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிச்சம். மூன்றில் ஒன்று மிச்சம். நாலில் மூன்று, ஐந்தில் மூன்று, ஆறில் ஒன்று, ஏழிலும் ஒன்று. எப்படி வைத்தாலும் ஒரு கொட்டையாவது வெளியே நின்று என்னைப் பார்த்தது. யாருக்கும் பங்காகாத எண். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இதை நான் முதலில் சொன்னது டீச்சரிடம்தான். டீச்சர் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தாள். அப்போது இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பவள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் என் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்துவிடுவாள். ஆறுக்கு மேல் நான் பார்த்திருக்கத் தேவையில்லை, ஏழேழு நாற்பத்தொன்பது, அது நாற்பத்து மூன்றைத் தாண்டிவிடுகிறது என்று சொன்னாள். கொப்பித் தாளில் இன்னொன்றும் காட்டினாள். ஒன்பது பேருக்கு இந்தப் பெரிய எண் சரியாகப் பங்காகுமாம். ஆளுக்குப் பதினாலு கொட்டையும் ஒரு கொட்டையில் மூன்றில் ஒரு பங்கும். அந்த மூன்றில் ஒரு பங்கு நாற்பத்து மூன்று.

“கொட்டைய யாருகா வெட்டுற?” என்று கேட்டேன்.

“வெட்டவேணாம் ராத்தா. நாப்பத்து மூணு மணியில ஒரு கோர்வை கோத்திட்டா, ஒருக்காச் சுத்தினா மூணுல ஒண்டு. மூணு தரம் சுத்தினா ஒரு கொட்ட.”

அவள் சொன்னது அவ்வளவுதான். கோர்வைகளைக் கோத்தது நான். கல்முனைச் சந்தையில் கறுப்புப் பாசிமணி வாங்கி, பன்னிரண்டு கோர்வை. நூல் முடிகிற இடத்தில் தஸ்பீஹில் இருப்பது போலவே பெரிய சிவப்புத் தலைமணி ஒன்று. அதுவரை தொண்ணூற்றொன்பது மணியைச் சுற்றிவிட்டு மிச்ச முப்பதை விரலில் எண்ணி, எண்ணிக்கை தவறி, பேச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். இனி விரலே வேண்டாம். கோர்வைகளை எல்லோருக்கும் காட்டினேன். யோசனை டீச்சருடையது என்று யாருக்கும் சொல்லவில்லை. அது என் முதலாவது சிறுமை. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

என் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு இளம்பிள்ளை இருந்தாள். டீச்சரின் அண்ணன், நாங்கள் நானா என்போம், கலியாணம் முடித்தவள். எங்கள் பக்கத்தில் ஆண்கள்தானே பெண் வீட்டுக்குப் போய் இருப்பார்கள், அவனும் அந்தச் சீதன வீட்டில்தான் இருந்தான். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோன பிறகு, புது ஓடு போட்டுக் கொஞ்சக் காலத்தில் சவூதிக்குப் போனான். டீச்சருக்கு அவன் போவது விருப்பமில்லை. பெண்சாதி வயிற்றில் பிள்ளையோடு இருக்க, போகாதே என்று வாய்விட்டுச் சொன்னாள். அதில் மதினிமார் இருவருக்கும் ஒரு மனக்கசப்பு இருந்தது. ஆனாலும் போக்குவரத்து இருந்தது.

போன புதிதில் மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. எட்டு மாதம். தபால்காரனின் சைக்கிள் மணி தெருவில் கேட்டால் அந்தப் பிள்ளை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் படலைக்கு ஓடுவாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். ஆள் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. ஒரு நாள் வேலியோரம் வந்து, “ராத்தா, லத்தீஃப் ஓதித் தாங்க. நீங்க கணக்குப் புடிச்சாத்தான் எனக்கு நம்பிக்க” என்றாள். அந்தச் சொல் எனக்குள் இனிப்பாக இறங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை லுஹருக்குப் பிறகு அவள் மண்டபத்தில் பன்பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் உட்படப் பன்னிரண்டு பேர். டீச்சரும் வந்திருந்தாள். புதுக் கோர்வைகளை ஆளுக்கொன்று கொடுத்தேன். மிஞ்சிய ஒன்பது கொட்டையை நானே எடுத்துக்கொண்டேன். அன்று ஓதல் ஓடியது. ஒருவருக்கும் எண்ணிக்கை தவறவில்லை. பின்னேரத்து அஸர் பாங்குக்கு வெகு நேரம் முன்பே கடைசிக் கொட்டை பேணிக்குள் விழுந்தது. கூட்டத்தில் மூத்தவரான ஒரு மாமி, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “இவள் மட்டும் படிச்சிருந்தா ஊர ஆண்டிருப்பாள்கா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காத மாதிரி இருந்தேன்.

டீச்சர் மட்டும் தன் கையிலிருந்த கோர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணியாக நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ராத்தா, தலைமணியோட சேத்துத்தான் நாப்பத்து மூணு இரிக்கி. கறுப்பு மணி நாப்பத்திரெண்டுதான்.”

அவள் சொல்லி முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. தஸ்பீஹில் தலைமணியை யாரும் எண்ணுவதில்லை. அது ஓதுகிற மணியல்ல, சுற்று முடிந்தது என்று விரலுக்குச் சொல்கிற மணி. பால்குடி மறந்த நாளில் இருந்து எங்கள் விரல் அதைத் தாண்டித்தான் பழக்கம். கோர்க்கும்போது நான் கை நிறைய மணியை எண்ணியெடுத்தேனே தவிர, விரலை நினைக்கவில்லை. சுற்றுக்கு ஒன்று குறைந்தால் கொட்டைக்கு மூன்று குறைவு. நூற்றிருபத்தொன்பது கொட்டைக்கும் மூன்று மூன்று. அதைத் திருப்பிப் போட்டால் மூன்று நூற்றிருபத்தொன்பது. முந்நூற்று எண்பத்தேழு. அந்த எண்ணின் குணத்தைப் பாருங்கள், குறைந்தாலும் அந்தரத்தில் குறையவில்லை, சரியாக மூன்று கொட்டை குறைந்திருந்தது. இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் என் தலைக்குள் ஓடிவிட்டது. டீச்சரும் அதையே சொன்னாள். “மூணு கொட்ட கூட ஓதினாச் சரி ராத்தா. ஆளுக்குக் கொஞ்சமா ஓதினா பிளேன்டீ ஆற முன்னம் முடிஞ்சிரும்.”

அவள் குரலில் ஒரு ஏளனமும் இல்லை. என்னைக் காப்பாற்றுகிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு அது கேட்கவில்லை. பதினொரு பேரின் கண் என் மேல் இருந்ததுதான் தெரிந்தது.

தலைமணியையும் சேர்த்துத்தான் எண்ணச் சொன்னேன், எல்லோரும் அப்படித்தான் ஓதினார்கள் என்றேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, என்னகா, நீ எண்ணித்தானே ஓதின என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஓம் என்று தலையை ஆட்டினாள். அதற்கடுத்தவளும் ஆட்டினாள். டீச்சர் நான் எண்ணவில்லையே என்றாள். அப்போது நான் சொன்ன சொல்லைத்தான் இத்தனை வருடமாக விழுங்க முடியாமல் இருக்கிறேன்.

“உண்ட நானாட கடிதம் வாறது உனக்கு விருப்பமில்லையாகா?”

டீச்சர் கோர்வையைப் பாயில் வைத்தாள். வீட்டுக்காரப் பிள்ளை அவளைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் திரும்பி, “நிறைஞ்சிட்டா ராத்தா?” என்று கேட்டாள்.

“ஓம். நிறைஞ்சிட்டு” என்றேன்.

துஆ ஓதினோம். பிளேன்டீயும் தொதல் இனிப்பும் வந்தன. டீச்சர் அதற்கு நிற்காமல் போய்விட்டாள்.

அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுத கையோடு நான் தனியே உட்கார்ந்து அந்த மூன்று கொட்டையையும் ஓதினேன். கோர்வையை நம்பாமல் விரலில் எண்ணினேன். முடித்துவிட்டுப் பன்னிரண்டு கோர்வையையும் அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு மணி கூட்டிக் கோத்தேன். அடுத்த ஓதலில் ஒருத்தி, இன்றைக்கு ஏனோ மணி முடியுதில்லை என்று முறைப்பட்டாள். உனக்கு வயது போகிறது என்று சொல்லி அவள் வாயையும் அடைத்தேன்.

எண்ணை நிறைத்தாகிவிட்டது, இனி என்ன என்று இருந்தேன். ஆனால் கடிதம் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். பெண்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே. ஓதல் நிறைந்த வாய் மூட முன்னம் ஒருத்தி சந்தேகத்தைப் போட்டாள், அதுதான் தட்டிவிட்டது என்று கிணற்றடியில் கதைத்தார்கள். நான் சொன்ன சொல்லையே எடுத்து, அவளுக்கு விருப்பமில்லை என்றார்கள். கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை டீச்சரோடு கதைப்பதை நிறுத்தினாள். குழந்தையைத் தூக்க டீச்சர் வந்தால் குழந்தை நித்திரை என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஓதல்களுக்கு டீச்சரைக் கூப்பிடுவதும் நின்றது. இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. நான் வாளியை இறக்கி நீர் அள்ளிக்கொண்டு வந்தேன்.

நாலாம் மாதம் கடிதம் வந்தது. அவனைத் தூரத்து வனாந்தரத்தில் ஒரு வேலைக்குக் கொண்டுபோய் விட்டார்களாம், அங்கிருந்து அனுப்பிய கடிதங்கள் எங்கேயோ தங்கிவிட்டனவாம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். “அந்த வாய் இல்லாட்டி அப்பவே வந்திரிக்கும் ராத்தா” என்றாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வருடம் அவன் நாற்பது நாள் லீவில் வந்தான். பெண்சாதி எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனான், நாலு வீடு தள்ளி இருந்த தங்கச்சியின் வாசலை மிதிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். உட்காரக் கதிரை தந்தாள். நீ சொன்னது சரி, நாற்பத்திரண்டுதான் இருந்தது, ஆனால் அடுத்த நாளே நான் மூன்று கொட்டையும் ஓதி நிறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை கூட வந்தது, அல்லாஹ் மன்னிக்க.

அவள் பேனையை மூடி வைத்தாள்.

“எண் நிறைஞ்சிட்டு ராத்தா. எண்ட நானா இன்னும் வரல்ல.”

அன்று பின்னேரமே அடுத்த வளவுக்குப் போனேன். அவன் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்தப் பிள்ளையைக் குசினிக்குள் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, அப்படியென்றால் அன்றைக்கு நிறையவில்லையா என்றுதான். பிறகு நான் நிறைத்துவிட்டேன் என்றதும் மூச்சு விட்டாள். மதினியைப் பற்றிப் புருஷனிடம் இல்லாத பொல்லாததெல்லாம் சொல்லிவிட்டேனே, இப்போது மாற்றிச் சொன்னால் எனக்கு ஏச்சு விழும், இருக்கிற நாளாவது சந்தோஷமாகப் போகட்டும், நீங்களும் சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்தாள். நான் சரி என்றேன். மறுக்க முடியாமல் சொன்ன சரி இல்லை அது. அப்பாடா என்று சொன்ன சரி. பெண்கள் கூட்டத்துக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியாது, என் பேணிக்கும் கோர்வைக்கும் மரியாதை குறையாது. படலையைத் திறந்து வெளியே வந்தபோது என் நடை இலேசாக இருந்ததை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லீவு முடிந்து விமான நிலையத்துக்குப் போக அவன் வான் வண்டியில் ஏறிய காலை, டீச்சர் பள்ளிக்கூடம் போகிற உடுப்போடு தன் படலையில் நின்றாள். வான் அவளைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

அடுத்த ஓதல் அந்த மூத்த மாமியின் கண் ஒப்பரேஷனுக்காக. கோர்வைகளைக் கொடுக்க முன்பு நான் எல்லோருக்கும் அன்றைய உண்மையைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். மாமி, “அதுக்கென்னகா, நீதான் நிறைச்சிட்டியே. மணியத் தா” என்றார். அவ்வளவுதான். அவர்களுக்கு எண் நிறைந்தால் போதும். டீச்சரைக் கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்குச் சம்மாந்துறைக்கு மாற்றம் வந்து, அங்கேயே கலியாணமும் பேசிவிட்டார்கள்.

அந்தக் கலியாணத்துக்கு அவன் வரவில்லை. சவூதியில் இருந்து ஒரு சேலை மட்டும் வந்தது. மூன்று வருடம் கழித்து அவன் திரும்ப வந்தபோது நான் யாரிடமும் கேட்காமல் அவனை வேலியோரம் கூப்பிட்டுச் சொன்னேன். தங்கச்சி சொன்னது சரி, நான் சொன்னது பொய் என்று. அவன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அவள் எனக்கு ஒரு வரி எழுதல்லியே ராத்தா.”

“நீ கேட்டியா மனே?” என்றேன்.

அன்றைக்கே சம்மாந்துறை பஸ்ஸில் ஏறினான். நானாவும் தங்கச்சியும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு போக்குவரத்து வந்துவிட்டது. மதினிமாரும் சேர்ந்துகொண்டார்கள்.

டீச்சர் இப்போது ஓய்வு எடுத்துவிட்டாள். கலியாண வீடுகளில் காண்கிறேன். எழும்பி வந்து சலாம் சொல்லி, முழங்கால் வருத்தம் எப்படி ராத்தா என்று கேட்பாள். ஒரு மரியாதையும் குறைவில்லை. பிறகு போய் வேறு பாயில் உட்கார்ந்துகொள்வாள். எனக்கு அவளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நபிக்கு வாழ்த்தாக ஸலவாத்து ஓதுகிற எண்ணான நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலைப் பரப்பிப் பார்த்தபோது அது பதினொரு பேருக்குச் சரியாகப் பங்காகிறது, இருபத்திரண்டு பேருக்கும் பங்காகிறது. ஏன் அந்த எண் அத்தனை இணக்கமாகவும் மற்றது இத்தனை பிடிவாதமாகவும் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். நாலைந்து தடவை அவள் பாய்ப் பக்கம் போகலாம் என்று எழும்பினேன். வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.